தேனீ இழப்புக் கணக்கெடுப்பு: "எத்தனை செத்தது" என்று மட்டும் கேட்டால் நம் ஊரில் பதில் தப்பாகத்தான் வரும்

பொருநைக்கரை (கல்லிடைக்குறிச்சி)

போன வருடம் ஆவணியில் எங்கள் தோப்புக்கு ஒருவர் படிவத்தோடு வந்தார். எந்த இடத்திலிருந்து என்பது இங்கே வேண்டாம். மரியாதையாகத்தான் பேசினார், மோர் குடித்தார், கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். அதில் ஒன்று: "கடந்த ஓராண்டில் இறந்துபோன தேனீக் குடும்பங்கள் எத்தனை?" நான் யோசித்து உண்மையைத்தான் சொன்னேன். ஒன்றும் சாகவில்லை என்றேன். அவர் பூஜ்யம் போட்டுக்கொண்டார்.

அவர் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. சித்திரையில் 14 பெட்டியில் தேனீ இருந்தது. அன்றைக்கு இருந்தது 5 பெட்டியில். மீதி ஒன்பதும் கிளம்பிப் போய்விட்டன. திறந்தால் அடை இருக்கிறது, ஈ இல்லை. அடிப்பலகையில் செத்த ஈ ஒன்றுகூடக் கிடக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் நான் இழப்பே இல்லாத ஆள். அப்படி எத்தனை பேருடைய தாளில் பூஜ்யம் விழுந்திருக்கும்?

அதனால் நாமே ஒரு கணக்கு எடுப்போம் என்று கேட்கிறேன். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்றும் சேர்த்து, பழைய நெல்லை மாவட்டம் முழுக்க. அமெரிக்காவில் 2006-07 குளிர்காலத்திலிருந்து வருடாவருடம் தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டு இழப்பைக் கணக்கிடுகிறார்கள். 2022-23இல் அங்கே வளர்ப்புக் கூட்டங்களில் 48 சதவீதம் போனதாக வந்தது. ஐரோப்பாவில் கோலாஸ் என்ற ஆய்வாளர் அமைப்பு பல நாடுகளிலும் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. தேநீர்க் கடையில் பேசிக்கொள்வதோடு சரி.

நான் எழுதிய முதல் வரைவு இது. ஏப்ரல் 1 அன்று எத்தனை பெட்டி, அக்டோபர் 1 அன்று எத்தனை, இடையில் செத்தது எத்தனை, ஓடிப்போனது எத்தனை, காரணம் என்ன, ஈக்குச் சர்க்கரைப் பாகு கொடுத்தீர்களா, இடம் மாற்றினீர்களா. குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஆனிக்காற்று (பணகுடி)

அக்கா, நல்ல காரியம். ஆனால் ஏப்ரல் 1 அன்று எத்தனை என்று எங்கள் ஊரில் கேட்டால் ஒருவருக்கும் நினைவு வராது. தேதியை வைத்து யாரும் பெட்டியை எண்ணுவதில்லை. சித்திரை விசு அன்றைக்கு எத்தனை, ஐப்பசி விசு அன்றைக்கு எத்தனை என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் சரியாக ஆறு மாதம். சித்திரை விசுவுக்குக் கனி பார்ப்போம், ஐப்பசி விசுவுக்கு ஆற்றில் முழுகப் போவோம். அந்த நாளைச் சொன்னால் தோட்டம் எப்படி இருந்தது என்று கண்ணுக்குள் வந்துவிடும். நம் பக்கத்துக்கு இந்தப் பிரிவும் பொருந்தும். சித்திரைக்குள் தேன் எடுப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகு ஆனி ஆடிக் காற்று. கணவாய்க்கு நேரே இருக்கிற எங்கள் ஊரில் அந்தக் காற்றில் ஈ பறப்பதே சிரமம். ஐப்பசிக்குப் பிறகு அடைமழை.

இன்னொன்று. "எத்தனை பெட்டி" என்று கேட்கவே கூடாது. எங்கள் மாமாவிடம் கேட்டால் இருபது என்பார். இருபதும் உண்மை. பதினொன்று காலியாகத் தட்டட்டியில் அடுக்கிக் கிடக்கிறது. "ஈ இருக்கிற பெட்டி எத்தனை" என்றுதான் கேட்க வேண்டும்.

ரப்பர்க்காடு (மார்த்தாண்டம் பக்கம்)

நான் உங்கள் மாவட்டம் இல்லை. ஆனால் ரப்பர் தேன் முடிந்ததும் பெட்டியை லாரியில் ஏற்றி ஆரல்வாய்மொழி தாண்டி முருங்கைத் தோப்புகளுக்கு வருகிற ஆள். என்னைப் போல நிறையப் பேர் வருகிறோம். எங்களை விட்டுவிட்டு எடுக்கிற கணக்கு முழுசாக இருக்காது மக்களே.

எனக்கு இந்தக் கணக்கின்மேல் தனி அக்கறை உண்டு. 1991, 92இல் எங்கள் பக்கம் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தாய்லாந்தில் 1976இல் முதலில் கண்ட சாக்புரூட் வைரஸ் நோய் அந்த வருடம் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீயை, அதாவது நாம் பெட்டியில் வளர்க்கிற இந்தியத் தேனீயைப் பிடித்தது. பத்தில் ஒன்பது கூட்டம் போனது. எங்கள் அப்பாவிடம் அறுபதுக்கு மேல் இருந்தது, கடைசியில் மூன்று மிஞ்சியது. புழு அறைக்குள் தலையைத் தூக்கிப் படகு மாதிரி மல்லாந்து செத்துக் கிடக்கும். முள்ளால் எடுத்தால் நீர் கோத்த சின்னப் பை மாதிரி முழுசாக வரும். மூடின அறையின் மூடியில் ஊசி குத்தினது போல ஓட்டை இருக்கும். மருந்து கிடையாது. அது வைரஸ்.

1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கிய காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு வளர்ந்த தொழில் அது. ஒரே வருடத்தில் பெட்டியெல்லாம் விறகானது. யாரும் ஊர்வாரியாக எழுதி வைக்கவில்லை. எந்த ஊரில் முதலில் வந்தது, யார் பெட்டியை யார் வாங்கிக்கொண்டு போனார், எந்தத் தோட்டத்தில் ஒரு கூட்டமாவது தாங்கி நின்றது, இதெல்லாம் தெரிந்திருந்தால் தாங்கின கூட்டத்திலிருந்து ராணி எடுத்து வளர்த்திருக்கலாம். நாங்கள் நோயையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ஆகையால் என் வேண்டுகோள்: பெட்டியை எந்த மாதம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கொண்டுபோனீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள். "இடம் மாற்றினீர்களா, ஆம் இல்லை" என்று கேட்டால் ஒன்றும் தெரியாது.

வேளாண்மாணவி (கிள்ளிகுளம்)

வணக்கம். நான் படிப்பது பூச்சியியல். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பெரியவர்கள் திருத்துங்கள்.

அக்காவின் வரைவில் விட்டுப்போனது கூடுதல் கணக்கு. ஒருவர் சித்திரையில் 10 கூட்டம் வைத்திருக்கிறார். அதைப் பிரித்து, மரப்பொந்திலிருந்து இரண்டு பிடித்து வைத்து, மொத்தம் 6 சேர்க்கிறார். ஐப்பசியில் 9 இருக்கிறது. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்டால் ஒன்றுதான் போனது, 10 சதவீதம். உண்மையில் அவர் கையில் இருந்தது 16, போனது 7. கிட்டத்தட்ட 44 சதவீதம். அவர் பட்ட பாடு அந்த 44இல்தான் இருக்கிறது. அடுக்குத் தேனீயில் இது இன்னும் முக்கியம். நாம் பிரிக்கிறோம், பிடிக்கிறோம், சில சமயம் காலிப் பெட்டியில் தானாகவே வந்து ஏறிக்கொள்கிறது. விற்றது, தானம் கொடுத்தது, இரண்டை ஒன்றாக இணைத்தது ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். அவை இழப்பு ஆகாது.

சராசரி எடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். ஒருவரிடம் 100, அதில் 20 போனது. இன்னொருவரிடம் 4, அதில் 3 போனது. கூட்டங்களைச் சேர்த்துப் பார்த்தால் 104இல் 23, அதாவது 22 சதவீதம். ஆள்களின் சதவீதத்தைச் சராசரி பார்த்தால் 47.5. இரண்டும் சரியான எண்தான். முதலாவது மாவட்டத்தின் தேனீயைப் பற்றிச் சொல்கிறது, இரண்டாவது வளர்ப்பவரின் நிலையைப் பற்றி. நம்மிடம் நான்கு ஐந்து பெட்டி வைத்திருப்பவர்களே அதிகம் என்பதால் இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

வெளிநாட்டுக் கேள்வித்தாளையும் அப்படியே எடுக்க முடியாது. கோலாஸ் கேள்விகளில் செத்தது அல்லது சில நூறு ஈ மட்டும் மிஞ்சியது, ராணிக் கோளாறு, இயற்கைச் சேதம் என்று பிரிவுகள் உண்டு. அவை குளிர்காலத்தைத் தாண்டுகிற இத்தாலியத் தேனீயை மனதில் வைத்து எழுதியவை. நம் இந்தியத் தேனீ பூ இல்லாவிட்டால், எறும்புத் தொல்லை வந்தால், வெயில் தாங்காவிட்டால் இடத்தையே காலி செய்துவிடும். ஓடிப்போவது நமக்கு முதல் வரியில் வர வேண்டிய கேள்வி. இத்தாலியன் வைத்திருப்பவர்களைத் தனியாகக் கேட்க வேண்டும். வரோவா உண்ணி இந்தியத் தேனீயோடு நெடுங்காலம் சேர்ந்தே வாழ்ந்தது, நம் ஈ அதை உடம்பிலிருந்து தட்டிவிடும். இத்தாலியனைக் கவனிக்காமல் விட்டால் அது கொன்றுவிடும்.

கரிசல்மண் (சங்கரன்கோவில்)

காரணம் என்ன என்ற கேள்விக்கு உங்களுக்கு வரப்போகிற பதிலை நான் இப்போதே சொல்கிறேன். பாதிப் பேர் "மெழுகுப் புழு தின்றுவிட்டது" என்பார்கள். பொய் சொல்ல மாட்டார்கள், கண்ணால் கண்டதைத்தான் சொல்வார்கள். பெட்டியைத் திறந்தால் அடை முழுக்க நூலாம்படை மாதிரி வலை, உள்ளே புழு நெளிகிறது. ஆனால் கூட்டம் பலமாக இருக்கும் பெட்டியில் அந்தப் புழுவை ஈயே இழுத்து வெளியே போட்டுவிடும். ஈ குறைந்தபிறகு, அல்லது போனபிறகுதான் அது பெருகும். இழவு வீட்டுக்குக் கடைசியாக வந்தவனைக் கொலைகாரன் என்று எழுதினால் எப்படி?

அதனால் காரணத்தைக் கேட்காதீர்கள். கண்டதைக் கேளுங்கள். காலிப் பெட்டியைப் படிக்க முடியும். ஈக் குஞ்சும் இல்லை, தேனும் இல்லை, அடை சுத்தமாக இருக்கிறது என்றால் அது யோசித்துக் கிளம்பின கூட்டம். ராணி முட்டையை நிறுத்தி, இருக்கிற குஞ்சு வெளிவரும் வரை காத்திருந்து, தேனையும் குடித்துவிட்டுப் போயிருக்கும். ஈ அடையின் அறைக்குள் தலையை நுழைத்து வால் வெளியே தெரியச் செத்திருந்தால் பட்டினி. பெட்டி வாசலில் குவியலாக, நாக்கு நீட்டியபடி கிடந்தால் விஷம். ஈயின் புழுவே செத்து ஊறியிருந்தால் ரப்பர்க்காடு அண்ணாச்சி சொன்ன நோய். இந்த நான்கையும் படத்தோடு ஒரு தாளில் போட்டுக் கொடுத்து "இதில் எதைப் பார்த்தீர்கள்" என்று கேட்டால் போதும்.

விஷத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கரிசலில் முன்பு கம்பும் சோளமும் எள்ளும் பருத்தியும். இப்போது கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளம். அதில் தேன் கிடையாது, ஆனால் மகரந்தம் கொட்டும். காலையில் கதிர்ப் பூவில் ஈ மொய்க்கும். 2018இல் படைப்புழு வந்தது. அதற்குப் பிறகு மருந்தடிக்காத மக்காச்சோளக் காடு எனக்குத் தெரிந்து இல்லை. விவசாயியைக் குறை சொல்லவில்லை, நானும் விவசாயிதான், அடிக்காவிட்டால் குருத்தே மிஞ்சாது. ஆனால் அடிப்பது காலை ஏழு மணிக்கு, ஈ வருவதும் அதே ஏழு மணிக்கு. பொழுது சாய அடித்தால் எத்தனையோ ஈ பிழைக்கும். விஷம் பட்ட ஈ பெரும்பாலும் காட்டிலேயே விழுந்துவிடும், வாசலில் குவியாது. பெட்டி நாளுக்கு நாள் மெலியும், அவ்வளவுதான் தெரியும். அதனால் "மெலிந்தது" என்று ஒரு பதிலும், ஒரு கிலோமீட்டருக்குள் என்ன பயிர், என்ன மாதத்தில் மருந்து அடித்தார்கள் என்ற கேள்வியும் வேண்டும். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

ஏரல்காரன்

2023 டிசம்பர் வெள்ளத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. எங்கள் வாழைத்தோட்டத்தில் வைத்திருந்த பதினோரு பெட்டியும் ஆற்றோடு போயிற்று. இரண்டு பெட்டியை ஒரு வாரம் கழித்து உடை மரத்தில் சிக்கியிருந்ததைப் பார்த்தேன். நான் மறுபடி தொடங்கவில்லை. எங்கள் தெருவில் வளர்த்த மற்ற மூன்று பேரும் தொடங்கவில்லை. அந்த வருட இழப்பை மற்ற வருடத்தோடு கலந்தால் கணக்கே மாறிப்போகும்.

பொருநைக்கரை

தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. நான் இப்போது பெட்டி வைத்திருப்பவர்களை மட்டும் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்படிக் கேட்டால் உங்களையும் உங்கள் தெருக்காரர்களையும் யாரும் கேட்கப்போவதில்லை. எல்லாம் போய்க் கைவிட்டவர்களை விட்டுவிட்டு, தப்பித்தவர்களிடம் மட்டும் இழப்பைக் கேட்ட மாதிரி ஆகும். ஐந்து ஆறு வருடத்துக்கு முன்னால் பயிற்சி எடுத்தவர்களின் பட்டியல் யாரிடமாவது இருந்தால் அதிலிருந்து தொடங்குவோம். இன்றைக்குப் பெட்டி இல்லாதவர் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

நாற்காலிகளை மாற்றிப் போட்டது போல எல்லாக் கேள்வியும் இடம் மாறிவிட்டது. நல்லதுதான்.

தெற்குமலை (களக்காடு)

எல்லாம் சரி. ஆள்கள் சொல்வார்களா என்று யோசித்தீர்களா? மானியத்தில் பெட்டி வாங்கியவர்கள் காலிப் பெட்டியைக் காட்டப் பயப்படுவார்கள். திருப்பிக் கேட்பார்களோ, அடுத்த திட்டத்தில் பெயரை அடித்துவிடுவார்களோ என்று. தேன் வாங்குகிற வியாபாரி காதுக்குப் போனால் விலையைக் குறைப்பான் என்று இன்னொரு பயம். ஏற்கெனவே வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்து "இதுதான் தெரிந்தது" என்று சொன்னதில்லை. என்னிடமே மூன்று முறை எழுதியிருக்கிறார்கள்.

என் யோசனை: பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டாம். ஊர் கூட வேண்டாம், வட்டம் போதும். வெளியாள் போகாமல் அந்தந்த ஊரில் பெட்டி வைத்திருக்கிற ஒருவர் போகட்டும். கார்த்திகைக்குள் முடிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, பதில் சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் கையில் கொடுக்க வேண்டும். அதைச் செய்ய முடியும் என்றால் தொடங்குவோம். முடியாது என்றால் தொடங்க வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மலைக்குள்ளே காணி மக்கள் பொந்திலிருந்தும் பாறையிலிருந்தும் எடுக்கும் தேனை இதில் சேர்க்க வேண்டாம். அது வேறு கணக்கு. மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. ஆனால் பொந்துத் தேனீ முன்பு போல இருக்கிறதா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம், நம் பெட்டிக்கு விதை அங்கிருந்துதானே வருகிறது.

வேளாண்மாணவி

தெற்குமலை ஐயா சொன்னபடி முடிவை வீட்டுக்கு வீடு கொடுப்பதில் கிள்ளிகுளம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வளர்ப்பு முறைக் கேள்விகளில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாகு கொடுத்தவர்களிடம் இழப்பு அதிகம் என்று நம் கணக்கில் வரக்கூடும். உடனே பாகு கொடுத்தால் கூட்டம் போகும் என்று யாராவது எழுதிவிடுவார்கள். உண்மையில் பெட்டி மெலிந்தபிறகு பதறிப்போய்க் கொடுத்திருப்பார்கள். காய்ச்சல்காரர் வீட்டில்தான் கஷாயம் இருக்கும். அதனால் "பாகு கொடுத்தீர்களா" என்பதோடு "எந்த மாதம் தொடங்கினீர்கள், அப்போது எத்தனை அடையில் ஈ இருந்தது" என்று கேட்போம். தேனை எடுக்கும்போது ஈக்கு எவ்வளவு விட்டுவைத்தார்கள் என்பதும் வேண்டும். இந்தியத் தேனீக்கு வைக்கிற நியூட்டன் பெட்டியில் கீழே ஏழு சட்டம் புழு அறை, மேலே தேன் அறை. மேலே இருப்பதை மட்டும் எடுத்தார்களா, கீழே ஓரத்து அடையில் இருந்ததையும் பிழிந்தார்களா? ஆனியில் ஓடிப்போவதற்கும் சித்திரையில் கீழ் அடையைப் பிழிந்ததற்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைக்கிறேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறோம்.

கரிசல்மண்

இருக்கும். எனக்கு இருந்தது. ஒரு வருடம் ஆசையில் கீழே இருந்ததையும் எடுத்தேன், ஆனி பிறக்கும்போது நான்கு பெட்டி காலி.

ரப்பர்க்காடு

எறும்பு ஏறாமல் பெட்டிக் காலுக்கு அடியில் வைக்கிற கிண்ணத்தில் தண்ணீர் இருந்ததா என்பதையும் சேருங்கள். கேட்டால் எல்லாரும் இருந்தது என்பார்கள். கேட்கப் போகிறவர் குனிந்து கிண்ணத்தைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

பொருநைக்கரை

திருத்திய தாளை எடுத்துக்கொண்டு இன்று காலை எங்கள் தெருவில் ஒரு ஆச்சியிடம் போனேன். முதல் வீடு. இரண்டு வருடமாக அவரிடம் தேனீ இல்லை, பெட்டிகள் தொழுவத்தில் கவிழ்த்துக் கிடந்தன. பேச மாட்டார் என்று நினைத்தேன். சித்திரை விசு என்று சொன்னதும் கண்ணை மூடி யோசித்து, அன்றைக்கு ஏழு என்றார். பிரித்தது இரண்டு, புளியமரப் பொந்திலிருந்து பிடித்தது ஒன்று. ஐப்பசி விசுவுக்கு ஒன்றும் இல்லை. பத்தில் பத்து.

நான்கு படத்தையும் காட்டினேன். முதல் படத்தில், அதாவது சுத்தமான அடையில், விரலை வைத்து ஆறு என்றார். மற்ற நான்குக்கும் வேறு படத்தைக் காட்டவில்லை. "நாளுக்கு நாள் குறைந்தது, ஏன் என்று தெரியவில்லை" என்றார். அந்த நான்கும் வயலை ஒட்டிய வரப்பில் வைத்திருந்தவை. ஆறும் வீட்டுப் புறவாசலில், தென்னைக்கு அடியில் இருந்தவை. இதைப் படிவத்தில் எழுத இடமே இல்லை. அதனால் பெட்டி எங்கே இருந்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். பெட்டிக்குப் பெட்டி தனி வரியாக எழுதவும் இடம் விட்டிருக்கிறேன்.

கேட்டு முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "தையில் ஒரு கூட்டம் பிடித்துத் தருவியாட்டி?" என்னிடம் இருக்கும் ஐந்தில் ஒன்றைப் பிரித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

திருத்திய தாளை இன்று ராத்திரி இங்கே போடுகிறேன். ஏரல் தம்பி, உங்கள் தெரு மூன்று வீட்டையும் நீங்கள் கேட்டு எழுத முடியுமா?

ஏரல்காரன்

முடியும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.